முப்பரிமாண இயக்கக் கணிப்பு (கணினி விளையாட்டு நிரலாக்கம்)

கணினி விளையாட்டில் ஒரு பந்தோ வண்டியோ பாத்திரமோ அடுத்த கணம் எங்கே இருக்கும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், எதில் மோதும் என்று கணக்கிடும் முறைகளை முப்பரிமாண இயக்கக் கணிப்பு என்கிறோம். இதற்கு வேண்டிய இயற்பியல் பெரும்பாலும் பள்ளிக்கூட அளவிலானதுதான். மலேசியாவில் நான்காம் படிவக் கூடுதல் கணிதத்திலேயே திசையன் வந்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை, திசைவேகத்தை ‘ஹலாஜு’ என்றும் முடுக்கத்தைப் ‘பெச்சுத்தான்’ என்றும் மலாயில் படித்திருக்கும். பிறகு அவற்றையே ஆங்கிலப் பெயரில் கேம் எஞ்சினுக்குள் பார்க்கும். மூன்று மொழியிலும் சூத்திரம் ஒன்றே. சூத்திரம் சரியாகத் தெரிந்தவரின் பந்தும் தப்பான இடத்தில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்: அச்சு, அலகு, கால இடைவெளி.

அச்சும் அலகும்

முப்பரிமாண வெளியில் ஒரு பொருளின் நிலை மூன்று எண்கள். எந்த எண் உயரத்தைக் குறிக்கிறது என்பதில் மென்பொருள்களுக்குள் உடன்பாடில்லை. யூனிட்டி எஞ்சினில் ஒய் அச்சு மேல்நோக்கும், அலகு மீட்டர். அன்ரியல் எஞ்சினில் இசட் அச்சு மேல்நோக்கும், அலகு சென்டிமீட்டர். இரண்டும் இடக்கை முறை. கோடோ எஞ்சின் ஒய் அச்சை மேலே வைத்தாலும் வலக்கை முறையைப் பின்பற்றுகிறது. உருவங்களைச் செதுக்கப் பலரும் பயன்படுத்தும் பிளெண்டர் வலக்கை முறையில் இசட் அச்சை மேலே வைக்கிறது. பிளெண்டரில் நிமிர்ந்து நின்ற பாத்திரம் யூனிட்டிக்குள் வந்ததும் மல்லாந்து படுத்துவிடுவது இதனால்தான்.

ஈர்ப்பு முடுக்கம் யூனிட்டியில் இயல்பாக 9.81, அன்ரியலில் 980. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோலாலம்பூரில் உண்மை மதிப்பு சுமார் 9.78, அந்த வேறுபாட்டை எந்த ஆட்டக்காரரும் உணரப்போவதில்லை. ஆனால் அன்ரியலில் மீட்டர் நினைப்பில் 9.8 என்று எழுதிவிட்டால் ஈர்ப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். எறிந்த பந்து பலூனைப்போல மிதக்கும். அன்ரியலின் இந்தச் சென்டிமீட்டர் உலகம் மலேசியருக்கும் அந்நியமல்ல: மெட்ரோனோமிக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’, கிள்ளான் பள்ளத்தாக்கில் அன்ரியல் எஞ்சினைக்கொண்டு உருவான ஆட்டம்.

அலகு சரியாக இருந்தும் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. பேஷன் ரிப்பப்ளிக் கேம்ஸ் 2022இல் வெளியிட்ட ‘கிகாபேஷ்’ஷில் கட்டட உயர அரக்கர்கள் நகரத்துக்குள் சண்டையிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஆட்டங்களில் எழும் பொதுச் சிக்கல் இது: விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மனிதனைவிட 36 மடங்கு உயரமான உருவம் தன் உயரத்துக்குத் துள்ளி இறங்க, மனிதன் தன் உயரத்துக்குத் துள்ளி இறங்குவதைப்போல 6 மடங்கு நேரம் பிடிக்கும். இயற்பியலை மதித்தால் அரக்கன் மாவுக்குள் நடப்பவனைப்போல மந்தமாவான். மீறி ஈர்ப்பைக் கூட்டினால் பொம்மையைப்போலச் சிறுத்துத் தெரிவான். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைக் கண்தான் முடிவு செய்யவேண்டும், சூத்திரம் சொல்லாது.

பிரேமுக்குப் பிரேம்

உண்மை உலகில் பந்து இடைவிடாமல் நகர்கிறது. விளையாட்டில் அது விட்டுவிட்டுத்தான் நகர்கிறது. ஒவ்வொரு பிரேமிலும் (திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்திலும்) திசைவேகத்தோடு ‘முடுக்கம் பெருக்கல் கால இடைவெளி’யையும், நிலையோடு ‘திசைவேகம் பெருக்கல் கால இடைவெளி’யையும் கூட்டுகிறார்கள். மூன்று அச்சுக்கும் தனித்தனியே இதே கூட்டல். எளிய கணக்குதான், ஆனால் கூட்டும் வரிசையே முடிவை மாற்றும்.

மலேசியருக்குப் பழகிய செப்பாக் தக்ராவை எடுத்துக்கொள்வோம். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாக இடம்பெற்றது இது. ஆண்கள் ஆட்டத்தில் வலையின் நடு உயரம் 1.52 மீ. களத்தின் நீளம் 13.4 மீ.; சர்வ் வட்டத்தின் மையத்திலிருந்து வலை 4.25 மீ. தள்ளி இருக்கிறது. பந்தின் சுற்றளவு 42 செ.மீ. என்றால் ஆரம் 6.7 செ.மீ. ‘தெக்கோங்’ எனப்படும் சர்வ் போடுபவர் 1.8 மீ. உயரத்தில், நொடிக்கு 20 மீ. வேகத்தில், கிடைமட்டமாக உதைக்கிறார் என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், பந்து 0.2125 நொடியில் வலையை அடையும். அதற்குள் 22 செ.மீ. இறங்கியிருக்கும். பந்தின் மையம் வலைக்கு மேல் 5.9 செ.மீ.யில் போகிறது. ஆரம் 6.7 என்பதால் பந்து வலையை உரசவேண்டும். பந்தை வெறும் புள்ளியாக நினைத்து எழுதியவரின் ஆட்டத்தில் அது உரசாது. முதல் பிழை அங்கேயே நேர்ந்துவிடுகிறது.

அடுத்தது கூட்டல் வரிசை. பழைய திசைவேகத்தால் நிலையை முதலில் நகர்த்தி, பிறகு திசைவேகத்தை மாற்றுவது வெளிப்படை ஆய்லர் முறை. நொடிக்கு 60 பிரேமில் இது பந்தை உண்மையைவிட 1.7 செ.மீ. உயரத்தில் வைக்கிறது: 7.6 செ.மீ. இடைவெளி, உரசல் இல்லை. அதே நிரலை 240 பிரேமில் ஓட்டினால் பிழை 0.4 செ.மீ.யாகக் குறைந்து பந்து வலையில் படும். அதாவது விலைகூடிய கணினி வைத்திருப்பவரின் பந்து மட்டும் வலையில் இடறுகிறது! வரிசையை மாற்றி, திசைவேகத்தை முதலில் புதுப்பிக்கும் அரை உள்ளார்ந்த ஆய்லர் முறையில் பந்து அதே அளவு தாழப் போகும். ஊசல், சுருள்வில், கோளின் சுற்றுப்பாதை போன்றவற்றில் இது ஆற்றலைப் பெருக்கிக்கொண்டே போகாது என்பதால் எஞ்சின்கள் பெரும்பாலும் இதையே விரும்புகின்றன. ஈர்ப்பு மாறாதிருக்கும்போது, பழைய திசைவேகத்தால் நகர்த்திய நிலையோடு, முடுக்கத்தையும் கால இடைவெளியின் வர்க்கத்தையும் பெருக்கி அதில் பாதியைச் சேர்த்தால் பிழையே இராது. லூ வெர்லே 1967இல் மூலக்கூறு உருவகத்துக்குப் பயன்படுத்திய முறையின் உறவு இது. அந்த வெர்லே முறைதான் 2000இல் வந்த ‘ஹிட்மேன்: கோட்நேம் 47’ ஆட்டத்தில் துணியும் உடல்களும் விழும் விதத்தைக் கணித்தது.

கணினிக்குக் கணினி முடிவு மாறாதிருக்க, படம் எத்தனை பிரேமில் ஓடினாலும் இயற்பியலை மட்டும் நிலையான இடைவெளியில் ஓட்டுகிறார்கள். யூனிட்டியில் அது இயல்பாக 0.02 நொடி.

இவ்வளவு திருத்திய பிறகும் நம் சர்வ் வலையைக் கடந்துவிடக்கூடும். 60 பிரேமில் பந்து ஒவ்வொரு முறையும் 33 செ.மீ. தாவுகிறது. 12ஆம் பிரேமில் அது 4.00 மீட்டரில் இருக்கும், 13இல் 4.33இல். வலை 4.25இல். முதல் நிலையில் வலைக்கு 25 செ.மீ., அடுத்ததில் 8 செ.மீ.; இரண்டுமே ஆரத்தைவிட அதிகம். எந்தப் பிரேமிலும் மோதல் இல்லை என்று கணினி சத்தியம் செய்யும். இதைச் சுரங்கப் பிழை என்கிறார்கள். பந்து இருக்கும் இரு இடங்களை மட்டும் பார்க்காமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அது துடைத்துச் செல்லும் உருளை வடிவம் வலையை வெட்டுகிறதா என்று சோதிப்பதே தீர்வு.

சுழற்சி

தக்ராவில் ஸ்மாஷ் அடிப்பவர் காற்றில் கரணமடித்துத் தலைகீழாக உதைக்கிறார். அந்த உடலின் திசையை மூன்று கோணங்களால் எழுதினால், முன்சாய்வு 90 பாகையைத் தொடும்போது மற்ற இரண்டு அச்சுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரு திசை காணாமல் போகும். கிம்பல் பூட்டு எனப்படும் இதைத் தவிர்க்கக் குவாட்டர்னியன் எனும் நான்கு எண் தொகுதி பயன்படுகிறது. இது வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் கால்வாய் ஓரம் நடந்துபோகையில் கண்டுபிடித்தது. கென் ஷூமேக் 1985இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை வழியாகக் கணினி அசைவூட்டத்தில் நிலைபெற்றது. பெருக்கிக்கொண்டே போனால் அதன் நீளம் 1லிருந்து மெல்ல நழுவும்; அவ்வப்போது சரிசெய்யாவிட்டால் உருவம் கோணலாக நீளும்.

தண்டவாளத்தின்மேல்

எல்லாப் பொருளும் விசையால் நகர்த்தப்படுவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனுக்கு மேலாகப் போகும் மோனோரயில் 2003 ஆகஸ்ட் 31 அன்று ஓடத் தொடங்கியது, 8.6 கி.மீ. நீளப் பாதையில் ஒற்றை உத்திரத்தைக் கவ்விக்கொண்டு செல்கிறது. இதை ஆட்டத்தில் வைக்க, சில புள்ளிகள் வழியே வளைகோடு வரைவார்கள். 1974இல் வெளியான கேட்முல்-ரோம் வளைகோடு இதற்கு ஏற்றது. கொடுத்த புள்ளிகள் வழியாகவே போகும். புதியவர்கள் இங்கே தடுக்கிவிழுவது ஓரிடத்தில்: வளைகோட்டின் அளபுருவைச் சீராகக் கூட்டினால் இரயில் சீராக ஓடாது. புள்ளிகள் நெருங்கிய வளைவில் ஊரும், இடைவெளி விட்ட நேர்கோட்டில் பாயும். கோட்டின் உண்மை நீளத்தை முன்கூட்டியே அளந்து ஓர் அட்டவணையில் வைத்து, அதைப் பார்த்து நகர்த்தவேண்டும். வளைவு வலமிருந்து இடமாக மாறும் இடத்தில், வளைவின் மையத்தைக்கொண்டு பெட்டியின் திசையைத் தீர்மானித்தவரின் இரயில் சட்டென்று புரளும். மேல்திசையை நாமே சொல்லிவிடுவது நல்லது.

தொலைவு

பிரிக்பீல்ட்ஸை ஆதிப்புள்ளியாக வைத்து கிள்ளான் நகரம் வரை ஒரே வரைபடமாகக் கட்டினால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் துல்லியத்துக்கு 24 பிட்டுகள்தான். கிள்ளான் மேற்கே 26 கி.மீ.க்கு மேல், அந்தத் தொலைவில் மீட்டர் அலகில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு நடுவே ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளி. கிள்ளான் ஆற்றில் நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் மிதக்கும் படகு 60 பிரேமில் ஒவ்வொரு முறையும் 0.8 மி.மீ. நகரவேண்டும். அந்தத் துளியைக் கூட்டியதும் எண் பழைய மதிப்புக்கே முழுமையாக்கப்படும்; படகு எத்தனை மணிநேரம் ஆனாலும் அசையாது. அதே படகை அதே வேகத்தில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் விட்டால் ஒழுங்காக மிதக்கும் என்பதால் பிழையைத் தேடுபவருக்குத் தலைசுற்றும். ஆட்டக்காரர் நகர நகர ஆதிப்புள்ளியையும் அவரோடு நகர்த்துவது பழைய வழி. 2022இல் வந்த அன்ரியல் எஞ்சின் 5 நிலைகளை 64 பிட்டில் வைத்துக்கொள்கிறது. அதில் படகு கிள்ளானைத் தாண்டிக் கடலுக்கே போய்விடும்.