சிறு விமானக் கைவேலை

ஒருவர் முதல் நால்வர் வரை அமரும் தனியார் விமானங்களுக்கு உரிமையாளர்கள் தம் கையாலேயே செய்துகொள்ளும் துணைக்கருவிகளும், முழு விமானத்தையே வீட்டுக் கொட்டகையில் கட்டி முடிக்கும் முயற்சிகளும் சிறு விமானக் கைவேலை எனப்படும். பெட்ரோல் அளக்கும் மரக்குச்சி இதன் ஒரு கோடி. தச்சு மேசையில் தொடங்கி வானேறும் விமானம் மறுகோடி. இவ்வழக்கம் ஆழமாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. எழுத்துச் சான்றுகளும் அங்கேதான் மிகுதி. முழு விமானம் கட்டியவர்களின் வரைபடங்கள் இதழ்களிலும் அருங்காட்சியகங்களிலும் தங்கிவிட்டன. சிறு கருவிகளோ தேய்ந்ததும் தூக்கி எறியப்பட்டன. அவற்றின் வரலாறு ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்ற பழக்கமாகவே எஞ்சியுள்ளது.

தொடக்கம்

விமானக் கலையே கைவேலையாகத்தான் பிறந்தது. ஆகவே முதல் ‘வீட்டு விமானம்’ எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பிறர் பார்த்துக் கட்டுவதற்கென வரைபடம் வெளியானதை அடையாளமாகக் கொள்வோர், பிரேசில் நாட்டவரான ஆல்பெர்டோ சாண்டோஸ்-டூமோன் பிரான்சில் உருவாக்கிய ‘டெமுவாசெல்’ விமானத்தை முதலில் வைப்பர். மூங்கில் கழிகளால் உடலும் பட்டுத் துணியால் இறக்கையும் அமைந்த விமானம் அது. அதன் வடிவமைப்பை அவர் யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். 1910-இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் வரைபடங்களை வெளியிட்டது. 1920-களில் சிகாகோவைச் சேர்ந்த எட்வர்ட் ஹீத், மோட்டார் சைக்கிள் இன்ஜினில் பறக்கும் ‘பாரசோல்’ விமானத்தை உதிரிப்பாகத் தொகுப்பாக விற்றார். பிரான்சில் ஆன்றி மின்யே வடிவமைத்த, ‘வானத்துப் பேன்’ என்று பொருள்படும் பெயருடைய விமானம் 1930-களில் பெரும் மோகத்தைக் கிளப்பியது. உயிர்ப்பலிகள் தொடர்ந்தன. முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றையொன்று பாதிப்பதால் தலைகுப்புறப் பாயும் விமானத்தை மீட்க முடியாமற்போவது காற்றுச் சுரங்கச் சோதனைகளில் தெரியவந்தது.

பீட்டன்போல் முதல் போபரெஸ்னி வரை

அமெரிக்க மரபின் மூலவராகப் பலரும் கருதுபவர் பெர்னார்ட் பீட்டன்போல். மின்னசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்னும் சிற்றூரில் மெக்கானிக்காக இருந்த இவர், விமான இன்ஜினின் விலை கட்டுப்படியாகாத நிலையில் கார் இன்ஜினை நாடினார். இவருடைய ‘ஏர் கேம்ப்பர்’, ஃபோர்டு மாடல்-ஏ காரின் இன்ஜினால் பறந்த இருவர் விமானம். முதற் பறப்பின் ஆண்டை 1928 என்றும் 1929 என்றும் இருவிதமாகக் குறிப்பர். ஃபோர்டு இன்ஜினோடு பறந்தது 1929 என்பதே பெரும்பான்மைக் கருத்து. ஸ்ப்ரூஸ் மரச் சட்டங்களைப் பசையிட்டு ஒட்டி, மேலே துணி இழுத்துப் போர்த்திய உடல். காரின் ரேடியேட்டர் இன்ஜினுக்கு மேலே, விமானியின் கண்ணெதிரே நிமிர்ந்து நிற்கும். அதன் இருபுறமும் எட்டிப் பார்த்தே விமானி தரையிறங்க வேண்டும். ஆயினும் அந்த இன்ஜினுக்கு உதிரிபாகம் கிடைக்காத ஊர் அன்று அரிது. இதுவே அதன் பெருமை. 1932-இல் வரைபடங்கள் அச்சாகி வெளிவந்தன. அவற்றை வைத்து இன்றும் ஏர் கேம்ப்பர் கட்டுகிறார்கள்.

இதற்கிடையே 1926-ஆம் ஆண்டின் விமான வணிகச் சட்டம் உரிம முறையைக் கொண்டுவந்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டரசின் உரிமத்தைக் கட்டாயமாக்க, வீட்டு விமானங்களுக்கு இடம் குறுகியது. ஓரிகன் மாநிலம் மட்டும் நெடுங்காலம் விட்டுக்கொடுத்தது. அங்கே லெஸ் லாங் என்பவரைச் சுற்றி உருவான குழு, ‘பீவர்ட்டன் சட்டமீறிகள்’ என்று பெயர் பெற்றது. அக்குழு வழிவந்த ஜார்ஜ் பொகார்டஸ் 1947-இல் ‘லிட்டில் ஜீ பீ’ என்ற தம் ஒற்றை இருக்கை விமானத்தில் ஓரிகனிலிருந்து வாஷிங்டன் வரை நாட்டின் குறுக்கே பறந்தார். வீட்டில் கட்டிய விமானமும் நம்பத்தக்கதே என்று அதிகாரிகளுக்குக் காட்ட அதைவிட நேரான வாதம் இருக்க முடியாது. ‘பரிசோதனை விமானம்’ என்ற பிரிவில் அமெச்சூர் கட்டுமானத்துக்கு இடம் கிடைத்ததில் அவருடைய பங்கு எவ்வளவு, பிறர் பங்கு எவ்வளவு என்பதில் கருத்துகள் மாறுபடும். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

1953 ஜனவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி பரிசோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய வீட்டின் நிலவறைதான் முதல் அலுவலகம். 1955-இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்’ இதழில், 800 டாலருக்குள் ‘பேபி ஏஸ்’ விமானத்தைக் கட்டும் முறையை அவர் எழுதியதும் சங்கம் நாடெங்கும் அறிமுகமாயிற்று. அதன் ஆண்டு விழா ராக்ஃபோர்டு நகரிலிருந்து 1970-இல் ஆஷ்காஷ் நகருக்கு மாறியது. இப்போது அவ்விழாவுக்கு ஏறத்தாழ 10,000 விமானங்கள் வருகின்றன.

விதிகளும் எல்லையும்

தொழிற்சாலை விமானத்துக்கும் வீட்டு விமானத்துக்கும் விதிகள் வேறு. அமெரிக்காவில் அமெச்சூர் விமானம் என்ற தகுதி பெற, வேலையின் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்காகவோ தனியாரே செய்திருக்க வேண்டும். இதை ‘51 விழுக்காட்டு விதி’ என்பர். தொழிற்சாலை விமானத்திலோ, விமானி உரிமம் பெற்ற உரிமையாளர் தாமே செய்யத்தக்க பராமரிப்புகளைப் பட்டியலிட்டுள்ளனர்: டயர் மாற்றுதல், எண்ணெய் மாற்றுதல், ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்தல் போன்றவை. தம் விமானத்துக்கான உதிரிபாகத்தை உரிமையாளரே செய்துகொள்ளவும் வழியுண்டு. அது உரிய வடிவமைப்புக்கு ஒத்திருக்க வேண்டும், விற்பனைக்காகச் செய்ததாக இருக்கக் கூடாது. விமானத்தோடு பொருத்தாமல் கையில் எடுத்துச் செல்லும் பொருளுக்கு இத்தகைய கட்டுப்பாடு மிகக் குறைவு. வீட்டுத் துணைக்கருவிகள் பலவும் அந்த இடைவெளியில்தான் செழித்தன.

துணைக்கருவிகள்

இவற்றுள் எளியது பெட்ரோல் அளவுக்குச்சி. சிறு விமானங்களின் எரிபொருள் முள்ளை முழுவதும் நம்புவது வழக்கமில்லை. தொட்டி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பதே உறுதி. குச்சி செய்ய, விமானத்தைச் சமதரையில் நிறுத்தித் தொட்டியை வடிக்க வேண்டும். பின் ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர், ஊற்றுந்தோறும் குச்சியை நட்டெடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் வெட்டுக்குறி இட வேண்டும். மையால் எழுதினால் பெட்ரோலில் கரைந்துவிடும். வண்ணம் பூசாத மரத்தில்தான் ஈரக்கோடு தெளிவாகத் தெரியும். அதுவும் நொடிகளில் உலர்ந்துவிடும் என்பதால் எடுத்தவுடன் பார்க்க வேண்டும். ஒரு விமானத்தின் குச்சியை வேறு வடிவத் தொட்டியில் விட்டால் அது பொய் சொல்லும்.

பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் தொழிற்சாலையே இத்தகைய எளிமையைக் கைக்கொண்டது. தொட்டிக்குள் மிதக்கும் தக்கையில் ஒரு கம்பி. கம்பி மூடியின் துளை வழியே வெளியே நீண்டு நிற்கும். பெட்ரோல் தீரத் தீர அது தாழ்வதை விமானி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே பறப்பார். தக்கையின் அரக்குப் பூச்சு தேய்ந்தால் அது பெட்ரோலை உறிஞ்சிக் கனத்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சாராயம் கலந்த பெட்ரோல் அந்தப் பூச்சைக் கரைக்கும். தக்கைக்குப் புதுப் பூச்சு இடுவது கப் உரிமையாளர்களின் பழைய கைவேலைகளுள் ஒன்று.

நிறுத்தி வைத்த விமானத்துக்கான உறைகள் அடுத்த வகை. காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் குளவி மண்கூடு கட்டினால் வேகமானி செயலிழக்கும். அதற்குத் துணியாலோ தோலாலோ உறை தைத்து, கண்ணில் படும்படி சிவப்பு நாடா தொங்கவிடுவர். இன்ஜின் மூடியின் காற்றுத் துளைகளை ரப்பர்ப் பஞ்சால் அடைப்பர். இரு அடைப்பான்களையும் புரொபெல்லருக்குக் குறுக்கே ஒரே கயிற்றால் பிணைப்பதுண்டு. எடுக்க மறந்து இன்ஜினை இயக்கினாலும் புரொபெல்லர் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிடும்.

கட்டுப்பாட்டுப் பூட்டில் பிழைக்கு இடமில்லை. காற்றில் சுக்கான்கள் ஆடி உடையாதிருக்கக் கட்டுப்பாட்டுத் தண்டில் ஊசி செருகுவர். செஸ்னா விமானங்களின் தொழிற்சாலைப் பூட்டில், இன்ஜின் சாவித்துளையை மறைக்கும் தகடு ஒன்று உண்டு. பூட்டை எடுக்காமல் சாவி போட முடியாது. பூட்டு தொலைந்தபின் ஆணியோ போல்ட்டோ செருகினால் அந்தக் காப்பு போய்விடும். பூட்டியபடியே ஓடுபாதையில் விரைந்து விழுந்த விபத்துகள் விசாரணை அறிக்கைகளில் பதிவாகியுள்ளன. ஆகவே வீட்டில் செய்வோரும் சாவித்துளையை மறைக்கும்படியே பூட்டை அமைக்க வேண்டும்.

குளிர்நாடுகளில் இன்ஜினைச் சூடாக்கும் கருவிகளும் கைவேலையே. அலாஸ்கா விமானிகள் இரவில் எண்ணெயை வடித்து உள்ளே கொண்டுபோய், காலையில் அடுப்பில் காய்ச்சி ஊற்றினர்; இன்ஜின்மேல் கித்தான் கூடாரம் போர்த்தி அடியில் அடுப்பு வைத்தனர். தீப்பிடித்ததும் உண்டு.

பிற்கால வளர்ச்சி

1970-களில் பர்ட் ரூட்டன் ‘வேரிஈஸி’ விமானத்தில் நுரைப்பலகைமேல் கண்ணாடியிழை ஒட்டும் முறையைப் பரப்பினார். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வெனின் உலோக ஆர்.வி. வகை விமானங்கள் 10,000-க்கும் மேல் பறந்துள்ளன. 1982-இல் பரிசோதனை விமானச் சங்கம் செஸ்னா 150 விமானத்தில் கார் பெட்ரோல் பயன்படுத்த ஒப்புதல் பெற்றது. சாராயம் கலக்காத பெட்ரோலுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அண்மைக் காலத்தில் மின்னணுக் கைவேலை பெருகியுள்ளது. ராஸ்பெரி பை கணினியில் இயங்கும் ‘ஸ்ட்ராடக்ஸ்’ என்ற திறந்தமூல மென்பொருள், அருகிலுள்ள விமானங்களையும் வானிலையையும் விமானியின் டேப்லெட்டில் காட்டும். விமானத்தோடு பொருத்தாமல் எடுத்துச் செல்லும் கருவி என்பதால், அளவுக்குச்சியைப் போலவே இதற்கும் தனி ஒப்புதல் தேவைப்படுவதில்லை.