நாளைப்போவார்

ஒரு பல்கலைக்கழகம் எத்தகையது என்பதை யாரிடம் கேட்டு அறிவது? துணைவேந்தரைக் கேட்டால் ஆண்டறிக்கையை நீட்டுவார். அமைச்சரைக் கேட்டால் ஒதுக்கிய தொகையைச் சொல்வார். கொடையாளரின் வழிவந்தோரைக் கேட்டால் கல்வெட்டைக் காட்டுவர். ஆனால் அங்கே உண்டு, உறங்கி, கட்டணம் கட்டி, தேர்வெழுதி, நம்பிக்கையோடு நுழைந்து நம்பிக்கையோடோ நொந்தோ வெளியேறும் மாணவரைக் கேட்பதன்றோ முறை! அந்த முறையை நம் கல்வி வரலாற்று ஏடுகள் கையாளவில்லை. அரசர் பெயரை வரிசையாக எழுதி, ஆளப்பட்ட மக்களை மறந்த பழைய சரித்திரப் பழக்கமே கல்விக்கூடங்களின் சரித்திரத்திலும் குடிபுகுந்துவிட்டது. மாணவர் கருத்து என்றால் அது கலவரம் என்ற தலைப்பில் மட்டுமே ஏடேறியது.

அந்த மறதியைச் சற்றே நீக்கிப் பார்க்க விரும்புகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்வது பழைய தென்னார்க்காடு மாவட்டம். அதன் கீழ்க்கோடியில், கடலை அடுத்து, சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் மேற்கோடியில், கள்ளக்குறிச்சிக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை. அங்கே 'மலையாளி' என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அப்பெயர். பல்கலைக்கழகம் பிறந்த 1929 முதல், தென்னார்க்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்ட 1993 வரை, மலையும் பல்கலைக்கழகமும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. ஒரே ஆட்சித்தலைவர், ஒரே கருவூலம். ஒரு பகலில் கடந்துவிடக்கூடிய வழி. அந்த வழியைக் கடக்க மலைமகனுக்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதே நம் கேள்வி.

முதலில் பல்கலைக்கழகத்தின் கதை. அண்ணாமலைச் செட்டியார் 1920ஆம் ஆண்டு சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தோற்றுவித்தார். பின்னர்க் கல்வி நிலையங்களோடு 20 இலட்சம் ரூபாயும் அளிக்க முன்வந்தார். அதன் பயனாக 1929ஆம் ஆண்டு உறைவிடப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. சென்னைக்குச் சென்று படிக்க வசதியற்ற நடுநாட்டு, சோழநாட்டு இளைஞர்க்கு அது வாய்ப்பளித்தது. தமிழுக்கும் தமிழிசைக்கும் மேடை தந்தது. இவற்றை மறுப்பார் இலர், நாமும் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டடங்களுக்கு உயிர் வந்தது, உள்ளே இருந்த இளைஞர்கள் எண்ணத் தொடங்கியபோது. தில்லை வைதீகத்தின் தலைநகர். அந்த ஊரின் எல்லையிலேயே, ஏன் என்று கேட்கும் இளைஞர் கூட்டம் ஒன்று வளர்ந்தது. அங்கே தமிழ்ப் பேராசிரியராய் இருந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் முதல் இந்தி எதிர்ப்புப் போரில் முன்னணியில் நின்றார். 1940களின் தொடக்கத்தில் அங்கே பயின்ற நாராயணசாமியும் இராமையாவும் நெடுஞ்செழியனாகவும் அன்பழகனாகவும் நாட்டுக்கு அறிமுகமாயினர். விடுதி அறையில் பேசியதை ஊர் மேடையில் பேசினர்; ஊர் மேடையில் கேட்டதை வகுப்பறைக்குக் கொணர்ந்தனர்.

அதே காலத்தில், பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தில், குடந்தை அரசினர் கல்லூரி விடுதியில் ஒரு பானை வரலாறு படைத்தது! பார்ப்பன மாணவருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றையோருக்கு வேறொரு பானை. தாகத்துக்கும் சாதி உண்டோ என்று மாணவர் கேட்டனர். அக்கேள்வியிலிருந்து 1943ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. எண்ணிப் பாருங்கள்: பாடத்திட்டத்தைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ எழுந்த கருத்தன்று அது. விடுதி வாழ்வைப் பற்றி, குடிக்கும் நீரைப் பற்றி எழுந்த கருத்து. மாணவர் வாழ்வின் சிறு குறையிலேதான் சமுதாயத்தின் பெருநோய் தென்படுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய காட்சியன்று. தென்னமெரிக்காவின் அர்கெந்தீனா நாட்டில் கோர்தோபா என்றொரு நகர். அங்குள்ள பல்கலைக்கழகம் 1613ஆம் ஆண்டு ஏசு சபைப் பாதிரிமாரால் தொடங்கப்பெற்றது. முந்நூறு ஆண்டு கழிந்தும் மதவாதிகளின் பிடி தளரவில்லை. 1918ஆம் ஆண்டு மாணவர்கள் எழுந்தனர். தங்கள் குறைகளையும் கொள்கைகளையும் அறிக்கையாக வெளியிட்டனர். பல்கலைக்கழகத்தை நடத்தும் அவைகளில் மாணவருக்கும் இடம் வேண்டும் என்றனர். அந்தக் கோரிக்கை அந்நாட்டோடு நில்லாமல் தென்னமெரிக்கக் கண்டம் முழுதும் பரவிற்று. படிக்க வந்தவன் பேசலாமா என்று கேட்டவர்க்கு, படிக்க வந்ததனாலேயே பேசுகிறோம் என்பதே அம்மாணவரின் விடையாயிற்று.

மீண்டும் சிதம்பரத்துக்கு வருவோம். 1965ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாணவர் இராசேந்திரன் உயிர் நீத்தார். அவர் இன்று சிலையாக நிற்கிறார். அவருடைய கருத்து இருமொழிக் கொள்கையாக நிலைபெற்றது. 1971ஆம் ஆண்டு முதலமைச்சர் கலைஞருக்கு அதே பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியபோது மாணவரில் ஒரு சாரார் எதிர்த்தனர், தடியடி நடந்தது, மாணவர் ஒருவரின் சாவு பற்றிய விசாரணை வரை அந்நிகழ்ச்சி சென்றது. இரண்டையும் ஒரே பத்தியில் வைப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டுமென்றேதான் வைக்கிறோம். பக்தவத்சலனார் ஆட்சியில் மாணவர் கருத்துக்கு ஒரு மதிப்பு, நமக்கு உவப்பான ஆட்சியில் வேறொரு மதிப்பு என்று பகுத்தறிவாளன் இரண்டு தராசு வைத்திருக்க இயலாது. மாணவன் சொல்வது சரியா தவறா என்று வாதாடலாம். அவன் சொல்லலாமா கூடாதா என்பது வாதத்துக்கு உரியதன்று.

இத்தனையும் மாவட்டத்தின் கீழ்க்கோடியில் நடந்தவை. மேற்கோடியில் என்ன நடந்தது?

கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சிக்குள் கிடந்தது. மலைமக்கள் அவர்கள் நிலத்தில் கூலியின்றி ஏரோட்டினர். தங்கள் உழைப்பின் விளைவில் வரியும் செலுத்தினர். சமவெளியில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் சமீன்களை ஒழித்தது. நாடு விடுதலை பெற்றது; அரசியல் சட்டம் வந்தது; 1967இல் ஆட்சி மாறிற்று. மலைமேலோ ஜாகிர் முறை நீடித்தது! 1976ஆம் ஆண்டில்தான் அது முடிவுக்கு வந்தது. அதாவது, சிதம்பரத்து மாணவர் மொழிக்காக உயிர் கொடுத்த நாளில், அதே மாவட்டத்து மலைமகன் இன்னொருவன் நிலத்தில் கூலியில்லா ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன கருத்து இருந்திருக்க முடியும்? அப்படி ஒன்று இருப்பதையே அவனுக்கு யார் சொன்னார்?

தில்லை என்றதும் நந்தனின் நினைவு வருகிறது. ஆதனூர்ச் சேரியில் பிறந்த அவன், தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாளைக் கடத்தியதால் 'திருநாளைப்போவார்' எனப் பெயர் பெற்றான் என்கிறது பெரியபுராணம். போனபோதும் நேரே நுழைய முடிந்ததா? தீயில் இறங்கி வேறுருக் கொண்ட பின்னரே கதவு திறந்ததாம்! கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தக் கதை சொல்லும் முறை இன்னும் சாகவில்லை. உள்ளே வர விரும்புகிறவன் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, கதவு தன்னை மாற்றிக்கொள்ளாது என்பதே அம்முறை. கோயிலின் கதவுக்கு எதிராக நாம் சொன்னதைக் கல்லூரியின் கதவுக்கும் சொல்லியாக வேண்டும்.

கதவு எவ்வகையில் எல்லாம் மூடுகிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. நிதி நெருக்கடியில் சிக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013ஆம் ஆண்டு தமிழக அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அரசுடைமை ஆயிற்று என்று மகிழ்ந்தோம். பெயர்ப்பலகை அரசுடையது, கட்டணச் சீட்டோ பழையபடியே இருந்தது! மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் அப்போது 15,000 ரூபாய்க்கும் குறைவாக இருந்தது. அங்கே 5 இலட்சத்துக்கும் மேல். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மாணவர்கள் போராடத் தொடங்கினர். விடுதியை மூடினர், உணவை நிறுத்தினர். 50 நாள் கடந்தும் அவர்கள் கலையவில்லை. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. அரசுக் கல்லூரிக்கு உரிய கட்டணமே அங்கும் என்று ஆயிற்று. அரசின் கல்லூரி என்ற சொல்லுக்குப் பொருள் தந்தவர்கள் அந்த மாணவர்களே.

அதே 2021ஆம் ஆண்டு இன்னொரு மாறுதல். உறைவிடப் பல்கலைக்கழகமாய் இருந்த அண்ணாமலை, சட்டத் திருத்தத்தால் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கலைக் கல்லூரிகளும் அதன் குடைக்கீழ் வந்தன. ஆக, 1929இல் ஒரே மாவட்டத்தில் இருந்தும் சேராத இரண்டு முனைகள், மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின்னர், ஏட்டளவில் சேர்ந்துவிட்டன. ஏட்டளவில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு.

பழங்குடியினருக்குத் தமிழகத்தில் 1 விழுக்காடு தனி ஒதுக்கீடு 1990ஆம் ஆண்டு வந்தது. அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தன. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் 2022இலும், மாணவர்க்கு 2024இலும் வந்தன. இவை கெஞ்சிப் பெற்ற பிச்சையல்ல. நூறாண்டுச் சமூகநீதிப் போரின் விளைச்சல். ஆனால் ஒதுக்கீட்டின் வாயிலில் சாதிச் சான்றிதழ் என்னும் காவலாளி நிற்கிறான். மலையாளி என்ற பழங்குடிப் பெயர், குறிப்பிட்ட பழைய மாவட்டங்களின் எல்லைக்குள் மட்டுமே பட்டியலில் இடம்பெற்றது. மலையிலிருந்து பிழைப்புக்காக வேறூர் சென்று தங்கினால், பெயர் பட்டியலுக்கு வெளியே நிற்கும். குருதியும் வறுமையும் மாவட்ட எல்லையைக் கேட்டு மாறுமோ?

மலையின் பள்ளியைப் பாருங்கள். வெள்ளிமலையில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடுவண் அரசின் திட்டத்தில் ஓர் உறைவிடப் பள்ளி. அதன் பெயர் ஏகலைவா! கற்க விரும்பிய காட்டுமகனின் கட்டைவிரலைக் காணிக்கையாகப் பெற்ற கதையை, வெட்டுண்டவன் பெயராலேயே வாழ்த்துகிறார்கள். பள்ளி இருப்பதை வரவேற்கிறோம். ஆனால் விரல் இழந்தவனைப் போற்றுகிற பாடத்தோடு, விரலைக் கேட்டவனை ஏன் கேள்வி கேட்கவில்லை என்ற பாடமும் அங்கே நடக்க வேண்டும்.

2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே எல்லார் பார்வையும் கல்வராயன் மலைமீது திரும்பியது. சாராய மலை என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து, சாலையையும் மருத்துவத்தையும் பள்ளியையும் பற்றி அரசைக் கேட்டது. 1976இல் தளை அறுந்த மலைக்கு, சாலை உண்டா என்று 2024இல் கேட்க நேர்ந்ததே! அந்த மலையிலிருந்து ஒரு மாணவி கல்லூரி விடுதிக்கு வந்து, ஊர் பெயரைச் சொன்னதும் மற்றவர் முகத்தில் தோன்றும் நகைப்பை எதிர்கொள்கிறாள் என்றால், அது குடந்தைப் பானையின் புது வடிவமன்றி வேறென்ன?

இளைஞர்களே! மாணவர் கருத்துக் கணிப்பு என்று இப்போது பல்கலைக்கழகங்கள் படிவம் கொடுத்து, தர மதிப்பீட்டுக் குழுவிடம் காட்டுகின்றன. நூலகம் நன்றா, உணவு சுவையா என்று கேட்கின்றன. கேட்கட்டும். அந்தப் படிவத்தை நிரப்புகிறவர்களில் மலைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாம் கேட்போம். சேர்ந்தவர் எத்தனை பேர், பட்டம் பெற்றவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் எத்தனை பேர், ஏன் நின்றனர் என்று ஆண்டுதோறும் வெளியிடச் சொல்வோம். பழங்குடி மாணவர்க்குக் கல்லூரி அருகே விடுதி, அலையவிடாமல் பள்ளியிலேயே சான்றிதழ், பல்கலைக்கழக அவைகளில் மாணவர்க்கு வாக்குரிமையுள்ள இடம் ஆகிய மூன்றும் பெறுதற்கு அரியவை அல்ல. கோர்தோபா மாணவர் நூறாண்டுக்கு முன் கேட்டதைவிடப் பெரிதாக எதையும் நாம் கேட்கவில்லை.

விடுமுறையில் கல்வராயன் மலைக்குச் செல்லும் தோழர்கள் மேகம் அருவியைக் கண்டு திரும்புவதோடு நில்லாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளைத் தேடிச் செல்லுங்கள். விண்ணப்பம் எப்படி எழுதுவது, எந்த உதவித்தொகை எங்கே கிடைக்கும், எந்த அலுவலரைப் பார்ப்பது என்று உடனிருந்து சொல்லிக் கொடுங்கள். சேர்த்துவிட்டு வந்துவிடாமல், முதல் தேர்வு முடியும்வரை கடிதம் எழுதுங்கள், பேசுங்கள். அவர்கள் கல்லூரியைப் பற்றிக் கசப்பாக ஏதேனும் சொன்னால் சமாதானம் சொல்லாதீர்கள். எழுதி வாங்குங்கள், அச்சிடுங்கள், அவையில் படியுங்கள். நாளைப் போவோம் என்று அந்த மலையை இனியும் சொல்லவிடலாகாது. இந்தக் கல்வியாண்டிலேயே அவர்கள் போகட்டும். தீயில் இறங்காமல், தலைநிமிர்ந்து, தங்கள் மலையின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு போகட்டும்.