சிறகால் மீளும் விண்கலம்

ஒருமுறை ஏவியதும் அழிந்துபோகும் றொக்கற்றையே நாம் நெடுங்காலம் கேள்விப்பட்டு வந்தோம். மனிதனை ஏற்றிச் சென்று, தன் சிறகாலே தரையிறங்கி, மறுபடியும் புறப்படும் கலத்தைக் கட்டலாமென்ற எண்ணம் சந்திரப் பயணத்துக்கு மிக முந்தியது. அவ்வெண்ணத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஒஸ்திரியப் பொறியியலாளர் இயூஜின் சேங்கர். றொக்கற் பறப்பைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியை வியன்னாவின் தொழினுட்பக் கல்லூரி ஏற்கவில்லை. விமானச் சிறகைப் பற்றி வேறொன்றெழுதிப் பட்டம் பெற்றார். தள்ளப்பட்ட கருத்துக்களை 1933-இல் நூலாக வெளியிட்டார்.

பின்னர், கணிதத்தில் வல்ல ஐரீன் பிறெற் அம்மையாருடன் ஜேர்மனியில் அவர் வகுத்த திட்டமே 'வெள்ளிப் பறவை'. 3 கிலோமீற்றர் நீளத் தண்டவாளத்திற் சறுக்குவண்டியால் உந்தப்பட்டு அது எழும். தட்டையான அடிவயிறு வளிமண்டலத்தின் மேற்பரப்பிற் பட்டதும் மீண்டும் மேலெழும். குளத்து நீரில் நாம் வீசும் ஓட்டுச்சில்லுத் தத்தித் தத்திச் செல்வது போல. இத்துணை அழகிய பறவை எதற்காக? கடல்கடந்து குண்டு போடுவதற்காக! 1944-ஆம் ஆண்டு அறிக்கையின் தலைப்பே அதைச் சொல்லுகின்றது. நல்லவேளையாக அது கட்டப்படவில்லை. கட்டியிருந்தாலும் தப்பியிராது; முதலாந் தத்தலிலேயே எழும் வெப்பம் அவர்கள் கணித்ததிலும் மிக அதிகமென்று பின்வந்தோர் கண்டனர்.

ஜேர்மன் றொக்கற் வேலையை நடத்திய படைத்தலைவர் டோர்ன்பேர்கர், போரின் பின் அமெரிக்காவின் பெல் விமானக் கம்பெனியிற் சேர்ந்தார். அவருடன் இக்கருத்தும் கடல் கடந்தது. 1957-இல் அமெரிக்க விமானப்படை 'டைனா-சோர்' திட்டத்தைத் தொடங்கியது. கலத்தைக் கட்டும் பொறுப்புப் போயிங் கம்பெனிக்குக் கிடைத்தது. முக்கோணச் சிறகு, ஒரேயொரு விமானி, நிக்கல் கலப்புலோகச் சட்டம், செந்தணலாய்க் கனன்று வெப்பத்தை வெளியே வீசும் உலோகத் தோல். இறப்பர்ச் சக்கரம் அவ்வெப்பத்தில் நிலைக்காதாகையால், கம்பித் தூரிகை போன்ற சறுக்குகளில் இறங்க ஏற்பாடு. இச்சிறு யுக்தியே நம்மை மிகவும் கவர்கின்றது.

ஆயினும் 1963 டிசம்பர் 10-இல் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா திட்டத்தைக் கைவிட்டார். 40 கோடி டொலருக்கு மேற் செலவாகியிருந்தது. கலம் பறந்து தோற்கவில்லை, பறக்கவேயில்லை. விண்ணிற் சென்று அது ஆற்றப்போகும் பணி யாது என்ற கேள்விக்கு விமானப்படையிடம் தெளிவான விடை இருக்கவில்லை. சேங்கரின் பறவைக்கோ வேலை இருந்தது, தாங்கும் உலோகம் இருக்கவில்லை. மக்னமாராவின் கேள்வி நியாயமானதென்பதே நம் எண்ணம். எனினும் பாதி கட்டிய கலத்தை நினைக்க மனம் வருந்தவே செய்கின்றது.

1964 பெப்ரவரியிற் சேங்கர் மறைந்தார். 1981 ஏப்ரல் 12-இல் 'கொலம்பியா' இருவருடன் எழுந்து, இரண்டு நாளின் பின் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகையிற் சிறகால் இறங்கியது. அதே கலம் நவம்பரில் மறுபடியும் விண்ணேகியது.