வேர்முடிச்சுக் கூட்டுவாழ்வு

பயறுவகைச் செடிகளின் வேரில் ரைசோபியம் குழு பாக்டீரியாக்கள் குடியேறி, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தருகின்றன. கைமாறாக ஒளிச்சேர்க்கையில் விளைந்த உணவைச் செடி அவற்றுக்கு அளிக்கிறது.

செயல்முறை: வேர் கசியும் ஃபிளேவனாய்டுகளை உணர்ந்த பாக்டீரியா, முடிச்சு உருவாகத் தூண்டும் நாட் காரணிகளைச் சுரக்கிறது. வேர்த்தூவி சுருண்டு அதற்கு வழிவிட, முடிச்சு உருவாகிறது. உள்ளே நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வேலையை நைட்ரஜனேஸ் என்னும் நொதி செய்கிறது. ஆக்சிஜன் மிகுந்தால் அது செயலிழக்கும். லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம் ஆக்சிஜன் அளவைக் கட்டுப்படுத்தி நொதியைக் காக்கிறது. முடிச்சை நறுக்கினால் தெரியும் இளஞ்சிவப்பு அந்தப் புரதத்தின் நிறமே. நன்கு இயங்கும் முடிச்சுக்கு அதுவே அடையாளம்.

வரலாறு: பயறுச் செடிகள் முடிச்சுகளின் வழியே காற்று நைட்ரஜனைப் பெறுவதை ஜெர்மனியின் ஹெல்ரீகல் 1886-இல் அறிவித்தார். 1888-இல் டச்சு அறிவியலாளர் பெய்ஜெரிங்க் முடிச்சிலுள்ள பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

பெங்களூரு வட்டாரத்தில்: குளிர்காலத்தில் ஈஜிபுரா உள்ளிட்ட பெங்களூருப் பகுதிகளில் விரும்பி உண்ணப்படும் அவரைக்காய், பிதுக்குப் பருப்பாகவும் சமையலுக்கு வருகிறது. இச்செடியின் வேரில் பிராடிரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் முடிச்சிடுகின்றன. தென் கர்நாடக மானாவாரி உழவர்கள் கேழ்வரகுக்கு இடையே அவரையை வரிசையாக விதைப்பது நெடுநாள் வழக்கம். அறுவடைக்குப் பின் மண்ணில் மட்கும் வேரும் இலையும் அடுத்த பயிருக்குத் தழைச்சத்து தருகின்றன. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் ஹெப்பாள் அவரை ரகங்களை உருவாக்கியது.

பயன்பாடு: ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பர். பொருத்தமான பாக்டீரியா இல்லாத மண்ணில் இது பெரிதும் உதவும். யூரியாச் செலவும் குறையும்.