வேலைத்தளத்துக்கு வெளியேயும் தொடரவேண்டிய பாதுகாப்பு

கொவிட்-19 தொடர்பாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்த சர்வதேச சுகாதார அவசரநிலை முடிவுக்கு வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது. இன்னொரு பெருந்தொற்று ஏற்படுமாயின் நாடுகள் எவ்வாறு ஒத்துழைக்க வேண்டும் என்பதற்கான உடன்படிக்கை ஒன்றும் 2025 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவையில் நிறைவேற்றப்பட்டுள்ளது. அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் ஒருபுறமிருக்க, சாரத்தின் மீது நின்று கல் அடுக்கும் மேசனுக்கும் அவருக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கும் கையாளுக்கும் அத்தகையதொரு காலத்தில் என்ன பாதுகாப்பு இருக்கும் என்ற கேள்வி எமது நாட்டில் இன்னமும் விடை காணப்படாததாகவே இருந்து வருகின்றது.

இவ்விடயத்தில் சிங்கப்பூரின் அனுபவம் எமக்குப் பெரும் பாடமாகும். வேலைத்தளப் பாதுகாப்புச் சட்டங்களை இறுக்கமாக நடைமுறைப்படுத்துவதில் பெயர்பெற்ற நாடு அது. அங்கு கட்டட நிர்மாணத்திலும் கப்பல் கட்டும் தொழிலிலும் ஈடுபட்டிருக்கும் தொழிலாளரில் மிகப்பெரும்பாலானோர் வெளிநாட்டவர்கள். பங்களாதேஷைச் சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் பெருந்தொகையினராவர். 2020 ஏப்ரல் 5ஆம் திகதி பொங்கோல், தோ குவான் ஆகிய இடங்களிலிருந்த இரு தொழிலாளர் விடுதிகள் தனிமைப்படுத்தல் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் இருந்தனர். அடுத்த சில வாரங்களில் ஏனைய விடுதிகளும் மூடப்பட்டன. அவ்வாண்டின் ரமழான் நோன்பை ஆயிரக்கணக்கான பங்களாதேஷ் தொழிலாளர்கள் பூட்டப்பட்ட விடுதிகளுக்குள்ளேயே நோற்க நேரிட்டது.

2020 டிசெம்பரில் அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட தகவல்களைப் பார்த்தபோதுதான் நிகழ்ந்ததன் பரிமாணம் புலப்பட்டது. விடுதிகளில் வசித்த சுமார் 323,000 பேரில் 54,505 பேருக்குப் பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று உறுதி செய்யப்பட்டிருந்தது. இவர்களைத் தவிர மேலும் 98,289 பேருக்கு முன்னரே தொற்று ஏற்பட்டிருந்ததை இரத்தப் பரிசோதனை காட்டியது. அதாவது விடுதிவாசிகளுள் நூற்றுக்கு 47 பேர் நோய்க்கு ஆளாகியிருந்தனர். அதே ஆண்டில் நாட்டின் ஏனைய மக்களிடையே தொற்றியோரின் தொகை இதனோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பமாகும். பெரும்பாலோர் இளவயதினராக இருந்தமையால் உயிரிழப்புகள் மிகக் குறைவாகவே இருந்தன என்பது ஓர் ஆறுதல்.

தலைக்கவசத்துக்கும் இடுப்புப்பட்டிக்கும் சட்டம் வைத்திருந்த நாட்டில் இது எவ்வாறு நேர்ந்தது? விடை மிக எளிது. நோய் பரவியது கட்டடத்தின் பத்தாம் மாடியிலல்ல. திறந்தவெளியில் காற்றோடு கலைந்துபோகும் கிருமி, 12 முதல் 16 பேர் வரை அடுக்குக் கட்டில்களில் உறங்கிய அறைகளிலும், 15 பேருக்கு ஒன்று என்ற கணக்கிலிருந்த கழிப்பறைகளிலும், பொதுச் சமையற்கூடங்களிலும் தாராளமாகப் பரவியது. ஒரே அறையில் உறங்கியவர்கள் காலையில் வெவ்வேறு முதலாளிமாரின் வெவ்வேறு வேலைத்தளங்களுக்குப் பிரிந்து சென்று மாலையில் மீண்டும் ஒன்றுகூடினர். இதனால் ஒரு தளத்தில் தோன்றிய தொற்று மறு தளத்துக்குச் செல்வதற்கு ஓர் இரவே போதுமானதாக இருந்தது.

பின்னர் அந்நாடு செய்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. ஒரே திட்டத்தில் வேலை செய்வோரை ஒரே இடத்தில் தங்கவைக்கும் முறை கொண்டுவரப்பட்டது. புதிய விடுதிகளில் அறையொன்றில் 12 பேருக்கு மேல் தங்கவைக்கலாகாது, 6 பேருக்கு ஒரு கழிப்பறையேனும் இருக்கவேண்டும் என 2021இல் விதிக்கப்பட்டது. முன்னர் 1,000 பேருக்கு மேற்பட்டோர் தங்கும் பெரிய விடுதிகளுக்கு மாத்திரம் செல்லுபடியான விடுதிச் சட்டம், 2023 ஏப்ரல் முதல் 7 கட்டில்களைக் கொண்ட சிறிய விடுதிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் நகரத்தில் ஏனையோர் சுதந்திரமாக நடமாடத் தொடங்கிய பின்னரும், விடுதித் தொழிலாளர் மீதான கட்டுப்பாடுகள் 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியைக் கடந்தும் ஏதோவொரு வடிவில் நீடித்தன. ஒரு மனிதனை நோயிலிருந்து காப்பதற்கும் அவனையே நோயாகக் கருதி ஒதுக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கு பலர் சுட்டிக்காட்டியதில் நியாயம் இருக்கின்றது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எழும்பும் அடுக்குமாடிகளைக் கட்டுவோரில் மலையகத் தோட்டங்களிலிருந்தும் வடக்கு, கிழக்குக் கிராமங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் கணிசமானோர். இவர்களிற் பலருக்கு வேலைத்தளத்திலேயே அமைக்கப்படும் தகரக் கொட்டில் அல்லது அரைகுறையாக முடிந்த கட்டடத்தின் கீழ்த்தளமே தங்குமிடம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, வேலையுமின்றி ஊருக்குச் செல்ல வாகனமுமின்றி அவதியுற்றோருள் இவர்களும் அடங்குவர்.

இவர்களுக்கு நாட்கூலி கொடுப்பவர் பெரும்பாலும் உப ஒப்பந்தக்காரரே. கட்டடத்தின் முகப்பில் பெயர்ப்பலகை நாட்டியிருக்கும் கம்பனியின் சம்பளப் பட்டியலில் இவர்களுடைய பெயர்களைக் காண முடியாது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளபோதிலும், அதன் பயன் கிட்டாத கட்டடத் தொழிலாளர் ஏராளம். வேலைக்கு வந்தால் மட்டுமே கூலி என்ற நிலையில், காய்ச்சல் கண்டவர் அதனை வெளியே சொல்வார் என எதிர்பார்ப்பது பேதைமை. இரண்டு பனடோல் வில்லைகளை விழுங்கிவிட்டு அவர் வேலைக்கு வரவே செய்வார். வாயிலில் நின்று உடல் வெப்பநிலையை அளக்கும் கருவியையும் அந்த வில்லைகள் ஏமாற்றிவிடும். எனவே தொற்றுக்காலத்தில் மிகச் சிறந்த பாதுகாப்புக் கருவி எதுவெனக் கேட்டால், நோயுற்ற நாளுக்கும் கொடுக்கப்படும் கூலி என்றே நாம் கூறுவோம்.

வேலைத்தளத்துக்கு உள்ளேயும் செய்யவேண்டியவை உண்டு. அலுவலகங்களுக்கு வகுத்த விதிகளை அப்படியே அங்கு கொண்டுபோய் ஒட்டுவதால் பயனில்லை. சீமெந்தும் மண்ணும் அப்பிய கையில் கிருமிநீக்கித் திரவத்தைத் தேய்ப்பதால் கை சுத்தமாவதில்லை. சீமெந்தினால் வெடித்துப்போன தோலில் அது பட்டால் எரிவு தாங்காமல் எவரும் மறுமுறை அதனைத் தொடவும் மாட்டார். குழாய்நீரும் சவர்க்காரமும் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். எமது வெக்கையில் வியர்வையால் நனைந்துபோகும் முகக்கவசத்தை மாற்றுவதற்கு நாளொன்றுக்குப் பல கவசங்கள் வழங்கப்படல் வேண்டும். ஓடு வெட்டும்போது அணியும் தூசுக் கவசங்களுட் சில, மூச்சை வடிகட்டாமல் வெளிவிடும் அடைப்பிதழைக் கொண்டவை. அணிந்தவரைத் தூசியிலிருந்து காக்கும் அவை, அருகில் நிற்பவரைக் கிருமியிலிருந்து காக்கமாட்டா.

இருவர் சேர்ந்தே தூக்கவேண்டிய கம்பிக்கட்டை ஒரு மீற்றர் இடைவெளியில் தூக்க முடியாது. கொங்கிறீட் இடும் வேலையை இடைநடுவில் நிறுத்தவும் முடியாது. இத்தகைய வேலைகளில் கூட்டத்தைத் தவிர்க்க இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, அதே குழுவினர் நாள்தோறும் ஒன்றாக வேலை செய்யவும் உண்ணவும் உறங்கவும் ஏற்பாடு செய்வதே நடைமுறைச் சாத்தியமானது. ஆட்களை நெருக்கியடித்து ஏற்றிவரும் லொறிக்கும், எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கும் ஒரே தண்ணீர்க் கோப்பைக்கும் இதில் இடமில்லை.

பலரும் கவனியாத இன்னொரு ஆபத்து, மூடிக்கிடந்த வேலைத்தளம் மீளத் திறக்கப்படும் நாளில் காத்திருக்கின்றது. வாரக்கணக்கில் மழையில் நனைந்த சாரத்தின் கட்டுகள் தளர்ந்திருக்கும். முட்டுக்கொடுத்த மரங்கள் இற்றிருக்கும். தோண்டிய குழிகளின் ஓரங்கள் இளகியிருக்கும். பாரந்தூக்கியின் வடம் துருவேறியிருக்கும். இவற்றைத் தகுதிவாய்ந்த ஒருவர் பரிசோதித்து ஒப்பமிடும்வரை எவரையும் மேலே ஏறவிடலாகாது. இழந்த நாட்களை ஈடுசெய்யும் அவசரமோ இதைவிடப் பொல்லாதது. சிங்கப்பூரில் 2020இல் 30 ஆக இருந்த வேலைத்தள மரணங்கள் 2021இல் 37 ஆகவும் 2022இல் 46 ஆகவும் உயர்ந்தன. அம்மரணங்கள் யாவும் கட்டடத்துறையில் மட்டும் நிகழ்ந்தவையல்ல. எனினும் 2022இல் மிக அதிகமானோர் மாண்டது அத்துறையிலேயே. அதனால் 2022 செப்டெம்பர் முதல் 2023 மே இறுதிவரை விசேட பாதுகாப்புக் காலமொன்றை அந்நாடு பிரகடனப்படுத்த வேண்டியதாயிற்று. தொற்றுக்குத் தப்பியவர்கள் அவசரத்துக்குப் பலியாக விடலாகாது.

எம்மிடம் சட்டங்கள் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டினது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கட்டட வேலைத்தளங்களுக்குச் சென்று, தேங்கிய நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகளைத் தேடுகின்றனர். கண்டால் வழக்கும் தொடருகின்றனர். இது பாராட்டத்தக்க பணியே. ஆனால் நீர்த்தொட்டியினுள் எட்டிப் பார்க்கும் அதிகாரி, அதற்கு அப்பாலுள்ள தகரக் கொட்டிலில் எத்தனை பேர் உறங்குகின்றனர், காற்றுவர யன்னல் உண்டா, கழிப்பறை எத்தனை என்பவற்றையும் எண்ணிக் குறித்து, குறைகண்டால் நடவடிக்கை எடுப்பதற்குத் தெளிவான அதிகாரம் வழங்கப்படல் வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என ஒப்பந்தக்காரர்கள் கூறுவர். அவர்களது கூற்றிலும் உண்மை இருக்கின்றது. மிகக் குறைந்த விலை கோருபவருக்கே வேலை என்ற நடைமுறையில், தங்குமிடத்துக்கும் நோய்க்கால விடுமுறைக்கும் பணம் ஒதுக்கும் நேர்மையாளர் கேள்விப்பத்திரத்தில் தோற்றுவிடுகின்றார். ஆகவே அரச நிர்மாணப் பணிகளிலிருந்தேனும் இதனைத் தொடங்கலாம். கம்பிக்கும் சீமெந்துக்கும் தனித்தனி வரி இருப்பதுபோன்று, தொழிலாளரின் தங்குமிடம், போக்குவரத்து, நோயுற்ற நாட்கூலி ஆகியவற்றுக்கும் விலைப்பட்டியலில் தனி வரிகள் வைத்து, அத்தொகைகளை அரசே முற்கூட்டி நிர்ணயித்துவிடின், போட்டியில் எவரும் அவற்றில் கைவைக்க முடியாது. உப ஒப்பந்தக்காரரின் ஆட்களும் அத்தொகைக்குள் அடங்குவர் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்; அவை செலவிடப்பட்டமைக்குச் சான்று காட்டாதவரை அந்த வரிகளுக்கான கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்பட வேண்டும்.