காரைக்குடி வீணை மரபு

காரைக்குடி வீணை மரபு என்பது கருநாடக இசையில் வழங்கும் வீணை வாசிப்பு முறைகளுள் ஒன்றாகும். காரைக்குடி சகோதரர்கள் என அழைக்கப்பட்ட சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் (1888–1958) ஆகிய இருவராலும் இம்மரபு இப்பெயர் பெற்றது. வலுவும் தெளிவும் கொண்ட மீட்டு, விரிவான தானம், பாட்டின் அமைப்பைச் சிதைக்காத கட்டுப்பாடு ஆகியவை இதன் அடையாளங்களாகக் கூறப்படுகின்றன. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் உருவான வாசிப்பு என்பதால், இதன் வரலாறு மெல்லிய ஒலியுடைய தந்திக் கருவி ஒன்று பெரிய அவைகளை எதிர்கொண்ட வரலாறும் ஆகும். மேலைநாடுகளில் கிட்டார் இதே சிக்கலை எதிர்கொண்டு மின்கிட்டாராக மாறியது.

தோற்றம்

சகோதரர்களின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்து வந்த குடும்பம். அவர்களது சொந்த ஊர் புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணம். தந்தை சுப்பையா ஐயரும் வீணைக் கலைஞரே. புதுக்கோட்டை அப்போது தனி அரசாக இருந்தது. அரசவை இசைவாணர்களை ஆதரித்தது. பிற்காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஆதரவினால் சகோதரர்கள் காரைக்குடிக்குக் குடிபெயர்ந்தனர். பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வணிகம் செய்து பொருளீட்டிய நகரத்தார், தம் இல்லத் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் கச்சேரிகள் வைப்பதைப் பெருமையாகக் கருதினர். அரசவை ஆதரவின் இடத்தை வணிகர் ஆதரவு பிடித்த காலம் அது.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு வீணைக்கு ஏற்றது எனலாம். முகப்பையும், நடுவில் திறந்த முற்றத்துடன் கூடிய வளவையும் உடைய அவ்வீடுகளில், கேட்போர் கலைஞருக்கு மிக அருகில் தரையில் அமர்ந்தனர். சுண்ணாம்புச் சாந்து பூசி மெருகேற்றிய சுவர்கள் ஒலியை விழுங்குவதில்லை. இன்றைய பெரிய அரங்கில் பத்தாவது வரிசையில் அமர்பவருக்கு ஒலிபெருக்கி இன்றி எட்டாத நுணுக்கங்கள் அங்கே எல்லாருக்கும் எட்டியிருக்கும்.

சகோதரர்களின் வாசிப்பு

இருவரும் ஒன்றாகவே கச்சேரி செய்தனர். ஆனால் வீணையைப் பிடிக்கும் முறையில் வேறுபட்டனர். மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தார். இளையவரான சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் மடியில் கிடையாக வைத்து வாசித்தார். அவர்களது நிழற்படங்களில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். ஒரே வீட்டில், ஒரே பாடத்தைப் பயின்ற இருவர் கருவியைப் பிடிப்பதில் இவ்வளவு வேறுபட்டும் வாசிப்பில் ஒன்றியது வியப்புக்குரியது. (மேலைநாட்டு ராக் இசையில் ஜிமி ஹென்றிக்ஸ் இடக்கையர் என்பதால் வலக்கையருக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தது இதனுடன் நினைக்கத்தக்கது.)

இவர்களுக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம் வாசித்துள்ளார். சகோதரர்களின் பெருமை தானத்தில் இருந்தது. தானம் என்பது தாள வட்டத்துக்குள் அடங்காமல், ஆனால் துடிப்புடன், இராகத்தை விரிக்கும் பகுதியாகும். வீணையில் வலக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் பாட்டுத் தந்திகளை மீட்ட, சிறுவிரல் பக்கத்தில் உள்ள தாளத் தந்திகளைத் தட்டும். இவ்வமைப்பினால் தானத்தின் துடிப்பு பாட்டிலும் பார்க்க வீணையிலேயே தெளிவாகப் புலப்படுகிறது. ஒவ்வொரு மீட்டும் தனித்துக் கேட்க வேண்டும் என்பதே காரைக்குடி முறையின் அடிப்படை. ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் விரலின் வலுவே ஒலியின் அளவை முடிவு செய்தது என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

சுப்பராம ஐயர் 1930களில் மறைந்தார். அதன் பின் சாம்பசிவ ஐயர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அண்ணன் இன்றி வாசித்தார். 1952இல் சங்கீத நாடக அகாதமி விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அவற்றைப் பெற்ற நால்வருள் சாம்பசிவ ஐயரும் ஒருவர். ஏனைய மூவர் அலாவுதீன் கான், முஷ்டாக் உசேன் கான், அரியக்குடி இராமானுச ஐயங்கார். அரியக்குடி காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். இந்திய அளவிலான முதல் விருதுகளில் பாதி, சில கல் தொலைவில் அமைந்த இரண்டு ஊர்களின் பெயர் தாங்கியவர்களுக்குச் சென்றது. சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டமும் சாம்பசிவ ஐயருக்கு வழங்கப்பட்டது. இறுதிக் காலத்தில் அவர், அப்போது சென்னை அடையாற்றில் இருந்த கலாசேத்திராவில் வீணை கற்பித்தார்.

கருவி

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் செய்யப்படுவது. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவை தனித்தனியே செய்து பொருத்தப்படும். மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் அது ஏகாண்ட வீணை எனப்படும். நான்கு பாட்டுத் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் உண்டு. 24 மெட்டுகள், கரி கலந்த மெழுகின் மேல் பதிக்கப்பட்டிருக்கும். இவ்வாறு 24 மெட்டுகளை நிலையாக அமைக்கும் முறை, தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் (17ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) ஏற்பட்டது என்பர். 2013இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது.

மெழுகு வெயிலில் இளகும். நாளடைவில் மெட்டுகள் இடம் பெயரும். விரல் அழுத்தத்தில் மெட்டுகளும் தேயும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெழுகை நீக்கி, மெட்டுகளைப் புதிதாகப் பதிக்க வேண்டும். இதனை மேளம் கட்டுதல் என்பர். மேளம் கட்டுபவர் காதால் கேட்டே ஒவ்வொரு மெட்டின் இடத்தையும் முடிவு செய்கிறார். இதனால் நூறு ஆண்டு பழைய வீணை என்று ஒன்றைக் காட்டினாலும், அதில் பழையது மரம் மட்டுமே. சுரங்களின் இடம் அண்மையில் யாரோ ஒருவர் காது வைத்து அமைத்தது. பழைய மின்கிட்டார்களின் நிலை இதற்கு நேர்மாறானது. 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் பால் கிட்டார்கள் அக்காலத்தில் போதிய அளவு விற்கவில்லை. எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ் முதலியோர் அவற்றை வாசித்த பின்னரே மதிப்பு உயர்ந்தது. இன்று அவற்றைச் சேகரிப்போர் வண்ணப்பூச்சும் திருகாணியும்கூட முதலில் இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்க்கின்றனர். மெட்டை மாற்றினால் விலை குறையும். வீணையில் மெட்டை மாற்றாவிட்டால் வாசிக்கவே இயலாது.

ஒலிப்பெருக்கமும் கிட்டாரும்

1920களில் நடனக் குழுக்களின் ஊதுகருவிகளுக்கு இடையே கிட்டாரின் ஒலி அமுங்கிப் போனது. அதற்குத் தீர்வாக, தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் மூலம் மின்னலையாக மாற்றும் கிட்டார் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உட்குழிவு இல்லாத திண்ம உடல் கொண்ட மின்கிட்டாரை 1950இல் ஃபெண்டர் நிறுவனம் பெருமளவில் செய்யத் தொடங்கியது. மின்பெருக்கியைக் கருவியின் ஒரு பகுதியாகவே ராக் இசைஞர்கள் ஏற்றுக்கொண்டனர். பெருக்கியின் இரைச்சலும் நீண்ட ஒலியும் இசையின் பகுதியாயின.

வீணையில் மாற்றம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலர் வீணையின் மேற்பலகையில் தொடு ஒலிவாங்கி பொருத்தினர். ஒலி நீண்டதால் மெல்லிய மீட்டே போதுமானதாயிற்று. ஒரே மீட்டில் பல சுரங்களை இழுத்து வாசிப்பது எளிதாயிற்று. காரைக்குடி முறையின் சிறப்பான வலுத்த, அடுத்தடுத்த மீட்டுக்கு இருந்த தேவை இதனால் குறைந்தது. இம்மரபினர் சந்தித்த உண்மையான நெருக்கடி இதுவே.

எதிர்த் திசையிலும் ஒரு தாக்கம் நிகழ்ந்தது. வீணையின் மெட்டுகளுக்கு இடையே மெழுகு தாழ்ந்து இருப்பதால், விரல் அடித்தளத்தைத் தொடாமல் தந்தியை வளைத்து, ஒரே மெட்டில் பல சுரங்களை எழுப்ப முடியும். சாதாரணக் கிட்டாரில் அவ்வளவு வளைக்க இயலாது. ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் சக்தி இசைக்குழுவுக்காக, மெட்டுகளின் இடையே மரத்தைக் குடைந்ததும், சுருதி எழுப்பும் கூடுதல் தந்திகளைக் கொண்டதுமான கிட்டாரைச் செய்வித்தார். இக்குழுவில் எல். சங்கர், சாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோர் வாசித்தனர். டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோரும் குடைந்த பலகையுடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாசித்தவரே.

மாணவர்கள்

சாம்பசிவ ஐயரின் கற்பிப்பு கண்டிப்பானது. மாணவர் நாள் முழுதும் ஆசிரியர் வீட்டிலேயே இருந்து பயின்றனர். இரங்கநாயகி இராசகோபாலன் (1932–2018) மிகச் சிறு வயதிலேயே இவ்வாறு குருகுலவாசம் செய்தவர். தானத்திலும் மீட்டின் வலுவிலும் ஆசிரியரின் வழியை மாற்றாமல் காத்தவர் என்று அவர் போற்றப்படுகிறார். சகோதரர்களின் குடும்பத்தில் பிறந்த இராசேசுவரி பத்மநாபன் (1939–2008) கலாசேத்திராவுடன் நெடுங்காலத் தொடர்பு கொண்டிருந்தார்.

சாம்பசிவ ஐயர் தத்தெடுத்து வளர்த்த காரைக்குடி சுப்பிரமணியன், வீணை மரபும் தனி நடையும் பற்றி ஆய்ந்து 1985இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்பட்டத்தை வழங்கியது மெக்லாக்லின் வீணை பயின்ற அதே வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1989இல் அவர் சென்னையில் பிருகத்துவனி என்னும் இசை ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார்.