இரு மதுரைகளும் யாத்ரீகர் வரியும்

அரசனுக்குரிய பொருள்களை வகுக்குமிடத்துத் திருக்குறள் ‘உல்கு’ என்றொன்றைக் கூறுகின்றது. பரிமேலழகர் அதற்குச் சுங்கம் என்று பொருளுரைத்து, மரக்கலத்திலும் தரைவழியிலும் வரும் பண்டங்களுக்குரிய இறை என விளக்கினார். இறை பண்டத்துக்கே, உடன்வரும் ஆளுக்கன்று.

மநுஸ்ம்ருதியின் எட்டாம் அத்யாயம் ஆளிடமும் வாங்கச் சொல்கின்றது, அஃது ஓடத்துறையில். வண்டிக்கு ஒரு பணம், சுமையாளுக்கு அரைப் பணம், பெண்டிர்க்குக் கால் பணம், வெறுங்கையனுக்கு அரைக்கால் பணம். கர்ப்பிணி, ஸந்யாஸி, ப்ராஹ்மணர், ப்ரஹ்மசாரி முதலானோர்க்கு அதுவுமில்லை. ‘தாரிகம்’ எனப்படும் இது, கரை சேர்த்ததற்கான கூலி. கௌடில்யரும் தேவபூஜைக்கும் யஜ்ஞத்துக்கும் கொண்டுபோகும் பொருள்களுக்குச் சுங்கம் விலக்கினார். க்ஷேத்ரத்திற்குச் செல்கிறான் என்பதையே காரணமாக்கி ஒருவனிடம் கை நீட்டுவதற்கு இவற்றில் இடமில்லை.

அதனைப் பிற்கால அரசுகள் செய்தன. கண்ணன் அவதரித்த வடமதுரையிலேயே யாத்ரீகர் வரி இருந்தது. 1563இல் அப்பக்கம் வேட்டைக்கு வந்து தங்கிய அக்பர் அதனை அறிந்து, தம் ஆட்சியெங்கணும் நீக்கினார் என்று அக்பர்நாமா கூறும். கும்பினியாரோ 1806இல் புரி ஜகந்நாதத்தில் வரியை முறைப்படுத்தினர். யாத்ரீகரை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, கூடுதலாகக் கட்டியவர்க்குக் கூடுதல் நாள் ஸேவை என்று ஏற்பாடு. 1840இல் அது ஒழிந்தது. யாத்ரீகர்பால் கொண்ட பரிவினாலன்று, விக்ரஹாராதனத்தில் கிறிஸ்தவ அரசு ஆதாயம் பெறலாகாதென்று பாதிரிமார் எழுப்பிய கூக்குரலினால்!

தென்மதுரையில் நிலை வேறு. இங்கே யாத்ரை புறப்படுபவர் எம்பெருமானே. சித்திரையில் திருமாலிருஞ்சோலையினின்றும் கள்ளர் திருக்கோலத்தில் வையைக்கு எழுந்தருளுகையில், வழிநெடுகிலும் மண்டகப்படிகள். உண்டியல் வண்டிகள் பின்தொடரும். கள்ளர் கோலம் பூண்டவர் ஒருவரையும் மறித்து வாங்குவதில்லை. இடுபவன் மனமுவந்து இடுகிறான். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்கு நேர்ந்தவள் ஆண்டாள். அதனைச் செலுத்தித் தலைக்கட்டியவர் உடையவர். காணிக்கை என்னும் சொல்லுக்கு நம் ஸம்ப்ரதாயத்தில் இதைக் காட்டிலும் உரை வேண்டுவதில்லை.

1956இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, யாத்ரா ஸ்தலங்களுக்கு ரயிலில் வந்து போவோரிடம் தனி வரி வாங்க இடமளித்தது. புரியின் வாசனை அதிலும் உண்டு. திருமங்கலத்தை அடுத்த கப்பலூர்ச் சுங்கச்சாவடி அத்தகையதன்று. அமைந்த இடம்பற்றி அவ்வூரார் நெடுநாள் வழக்காடி வருவது நியாயமே. ஆயினும் ஸ்ரீவில்லிபுத்தூரினின்றும் திருமங்கலம் வழியாக மதுரைக்கு வருபவன் அங்கே கொடுப்பது சாலைக்கான கூலி. மநு சொன்ன தாரிகத்தின் இனம்.

ஸந்நிதி வாசலில் வாங்கும் சிறப்பு தரிசனக் கட்டணத்தை எவ்வினத்தில் சேர்ப்பது? பண்டம் ஏதும் வரவில்லையாகையால் உல்கு அன்று. கரை சேர்க்கும் ஓடமும் இல்லை. கட்டியவன் முன்னே போகவும் கட்டாதவன் கம்பித் தடுப்புக்குள் காத்து நிற்கவும் நேர்வதால், மனமுவந்த காணிக்கை என்பதும் பொருந்தாது. ஸேவையைத் தொகைக்கேற்ப வகுத்த அவ்வேற்பாட்டுக்கு முன்னோடி தேடினால், கும்பினியார் புரியில் வகுத்த 1806ஆம் ஆண்டு முறையே கிடைக்கின்றது.